நான்கு நொடி, பதினோரு ஃபிரேம்

ஒன்பது வருடம் உழைத்த விண்டோஸ் பெட்டியை
லாமிங்டன் ரோட்டில் ஜிக்னேஷ் தூக்கிப் பார்த்தான்,
பூசணிக்காய் வாங்குகிறவன் மாதிரி.
மூவாயிரத்து இருநூறு என்றான்.
ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டால் இரண்டாயிரம்.
கழற்றிக்கொண்டேன்.

அண்டாப் ஹில்லில் பத்துக்கு எட்டு அறை.
மேக் வந்து மேசையில் உட்கார்ந்ததும்
அறை முகம் கழுவிக்கொண்ட மாதிரி இருந்தது.
எனக்குத்தான் கை திக்கியது.

வீடு மாறிய பிறகும்
பழைய ஸ்டேஷனில் இறங்கிவிடுகிற ஆள் போல
சுண்டு விரல் கீழ் மூலைக்கே போகிறது.
இங்கே அந்த வேலை கட்டைவிரலுக்கு.
எல்லாத் துண்டையும் ஒன்றாகப் பிடிக்க நினைத்து
ஒரு வரிசை மேலே தட்டி
மென்பொருளையே இழுத்து மூடினேன்.
மூன்று தடவை.
இரண்டு விரலால் கீழே இழுத்தால் பக்கமும் கீழே வருகிறது.
அதற்கு 'இயல்பு' என்று பெயர் போட்டிருக்கிறான்.
எவன் இயல்பு?

இதில் டைம்லைன் காந்தம்.
ஒரு துண்டை உருவினால்
பின்னால் இருப்பதெல்லாம் நகர்ந்து வந்து
இடத்தை மூடிவிடும்.
ஹார்பர் லைன் லேடீஸ் பெட்டியில்
ஒருத்தி எழுந்தால்,
'தோடா சரக்கோ' சொல்லி முடிப்பதற்குள்
நாலாவது சீட்டில் பாதித் தொடை தொங்கியவளுக்கு
முழு சீட் கிடைத்துவிடுமே, அப்படி.
எழுந்தவள் வடாலாவில் கால் வைப்பதற்குள்
அவள் சூடு இன்னொருத்தியுடையது.

பழையதில் வெட்டினால்
வெட்டிய இடம் கறுப்பாகக் கிடக்கும்.
குத்துவிளக்கோ, தட்டில் ஜிலேபியோ,
நாற்காலியில் தூங்கும் யார் வீட்டுப் பிள்ளையோ,
எதையாவது வைத்து நான்தான் மூட வேண்டும்.

முதல் வேலையாக
கோமதிநாயகம் அண்ணாச்சி போன் செய்தார், தாராவியிலிருந்து.
"சின்னவ கல்யாண வீடியோ இருக்குல்லா,
அதுல மூத்த மாப்பிள வார இடத்த எல்லாம் எடுத்துரும்மா.
பிள்ள பாத்துட்டு,
அப்பா எப்ப வருவாங்கன்னு கேக்கா."

கழற்றிய டிஸ்க்கைச் செருகினேன்.
படம் வந்தது, பாட்டு வந்தது,
பழைய தமிழ் எழுத்துரு மட்டும் வரவில்லை.
செல்வி தங்கபுஷ்பம் இருந்த இடத்தில்
டாலர், பின்னக் குறி, தலைகீழ்க் கேள்விக்குறி.
'தங்கள் நல்வரவை நாடும்' அத்தனை பேரும்
படக்கதை வில்லன் திட்டுவதுபோல நின்றார்கள்.
பத்திரிகையைப் பார்த்துப் பார்த்து
ஒவ்வொருவராக மறுபடி அழைத்து வந்தேன்.

மூத்த மாப்பிள்ளை இருபத்தேழு இடத்தில் இருந்தார்.
தண்ணீர் கேன் சுமந்துகொண்டு,
தவில்காரர் சட்டைப் பையில் ரூபாய் திணித்துக்கொண்டு,
வாய் நிறைய சோற்றோடு கேமராவைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று.
தொட்டேன், அழுத்தினேன், போனார்.
நகர்ந்துகொண்டது கல்யாணம்.
இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.

கடைசியாகத் தாலி கட்டுகிற நேரம்.
அட்சதையோடு ஓங்கிய அவர் கை.
தொட்டேன், அழுத்தினேன்.
கெட்டிமேளமும் போய்விட்டது.

பதறி, பின்வாங்கி, உற்றுப் பார்த்தபோது தெரிந்தது:
அவர் துண்டின் தலையில்தான்
மேளத்தை மெல்லிய கோட்டால் கட்டியிருக்கிறது இயந்திரம்.
இந்த மென்பொருளில்
யாரையும் தனியாக அனுப்ப முடியாது.
அனுப்பலாம், அதற்கு ஒரு விசை இருக்கிறது;
ஷிஃப்டோடு சேர்த்து அழுத்த வேண்டும்.
ஆளை எடுத்துவிட்டு
அவர் அளவுக்கே ஒரு வெற்றிடத்தை வைத்துத் தரும்.
நான்கு நொடி, பதினோரு ஃபிரேம்.

குத்துவிளக்கு இருந்தது கைவசம்.
ஜிலேபியும் இருந்தது.
மணி இரண்டே கால். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
வைக்கவில்லை.

மறுநாள் அண்ணாச்சி:
"எல்லாம் நல்லாருக்கும்மா.
மேளம் கேக்கு, படம் மட்டும் இருட்டிட்டு வருதே,
அங்கன கரண்டு போயிட்டா?"
ஆமா அண்ணாச்சி, என்றேன்.
"பம்பாய்ல என்னைக்கும்மா கல்யாணத்துல கரண்டு போச்சு?"

அந்தப் பக்கம் குக்கர் இரண்டு விசில் அடித்தது.

"சரி, இருக்கட்டும்" என்றார்.