இருபது நிமிடம்

இரண்டு மில்லி எடுத்தேன்.
புதுக் கண்ணாடிக் குழாய், ஈரமில்லாதது.
தாங்கியில் நிறுத்தியபோது மணி இரண்டு பத்து.
யாரும் மேசையை இடிச்சிடாதீங்க என்று
வார்டுக்கே பொதுவாகச் சொன்னேன்.
இருபது நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும்,
பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும்.
உறைந்திருந்தால் ஒரு வழி.
ஓடினால் வேறு வழி.

டாக்டர் பிரசவ வார்டில்.
சாய்த்ததும் கூப்பிடச் சொல்லியிருக்கிறார்.

மஞ்சப்பையில் பாம்பையும் கொண்டுவந்திருக்கிறார்கள்.
தலை நசுங்கியிருக்கிறது, முதுகில் சங்கிலிப் புள்ளி.
"இதாங்க சிஸ்டர்" என்று தையல்நாயகி
கூண்டில் ஏற்றுவதுபோல் நீட்டுகிறார்.
கட்டிலை விட்டுத் தள்ளி வைங்கம்மா.
திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரியில்
பாம்பின் சாட்சியம் செல்லாது,
ரத்தம்தான் சொல்ல வேண்டும்.

உத்திராபதியின் முழங்காலுக்குக் கீழே நைலான் கயிறு.
"அவுத்தா வெஷம் மேல ஏறிடுமாமே?"
அவிழ்க்காவிட்டால் கால் போய்விடும் என்று
நான் சொல்லவில்லை.
ஊசி போட வழி செஞ்சுட்டு, டாக்டர் பக்கத்துல நிக்கறப்ப
கொஞ்சங் கொஞ்சமாத் தளர்த்துவோம் என்றேன்.
இரண்டும் ஒரே பதில்தான்.
ஒன்றில் மட்டும் உட்கார இடமிருக்கிறது.

மூன்றாம் கட்டிலில் கூச்சல்:
பாட்டில் தீர்ந்துவிட்டதாம், காற்று ஏறிவிடுமாம்.
என் பதினோரு வருஷத்தில்
அந்தக் காற்று யாருக்கும் ஏறியதில்லை.
இங்கிருந்து சொன்னால் நம்ப மாட்டார்கள்,
திருகியை மூடிவிட்டுச் சொன்னால் நம்புவார்கள்.
ஆகவே நடக்கிறேன்.

ஏழாம் கட்டில் காதர் மைதீன் ராவுத்தருக்குக்
காலையில் குடலிறக்க ஆபரேஷன்.
அரை டம்ளர் டீ கேட்கிறார். முடியாது.
கால் டம்ளர். முடியாது.
நோன்பெல்லாம் இருந்தவர்தானே என்றால்,
"அந்தப் பசி என்னோடது, இது உங்களோடது" என்கிறார்.
பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினேன்,
குடித்தார் என்று எழுதத் தேவைப்படாத அளவு.

உத்திராபதி இதுவரை எதையும் கேட்கவில்லை.
இமை சரிகிறதா என்று டார்ச் அடித்தபோதுதான்
வாயைத் திறந்தார்.
"சிஸ்டர், மடை தெறந்து கெடக்கு."
நினைவு தப்புகிறதோ என்று பேரைக் கேட்டேன்.
பேரைச் சொன்னார், ஊரைச் சொன்னார்,
கேட்காமலே அப்பா பேரையும் சொன்னார்.
"இன்னைக்கு எங்க முறை.
தண்ணி வச்சுட்டு நிக்கறப்பதான் போட்டுச்சு.
நட்டு நாலு நாளு. விடியவிடிய ஓடுனா
பயிரு மொதந்துரும். யாரு அடைப்பா?"

சிறுநீர் எவ்வளவு, என்ன நிறம்,
கடிவாயில் கசிவு, ஈறில் ரத்தம்,
எல்லாவற்றுக்கும் கேஸ் ஷீட்டில் கட்டம் இருக்கிறது.
மடைக்கு இல்லை.

என் போனைக் கொடுத்தேன்.
தையல்நாயகிக்கு மனப்பாடமாக இருப்பது ஒரே ஒரு நம்பர்,
வரப்புத் தகராறில் ரெண்டு வருஷமாகப் பேச்சில்லாத
பங்காளி காத்தமுத்துவுடையது.
நெடுநேரம் அடித்தது.
அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ,
இந்தம்மா "மடை" என்றார், "ஆமா" என்றார்,
அழுதார், பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு
"லைட்டு எடுத்துட்டுப் போங்க,
செருப்பப் போட்டுட்டுப் போங்க" என்றார்.

இரண்டு இருபத்தாறு.
பத்துக் குப்பிகளை எண்ணி வைக்கும்போது
பின்னால் வந்து நிற்கிறார்.
"பொழைச்சுக்குவாரா?"
ஆமாம் என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை.
தெரியாது என்று சொல்ல மனசில்லை.
"நான் இங்கதாம்மா இருப்பேன், காலைல எட்டு வரைக்கும்."
பொய் கலக்காமல் கொடுக்க
அவ்வளவுதான் கையிருப்பு.

இரண்டு முப்பது.
சாய்த்தேன்.
ஓடியது.

டாக்டர் படியேறி வருவதற்குள் போன் அடித்தது.
"அடைச்சாச்சுன்னு சொல்லிருங்க."
வேறொன்றும் கேட்காமல் வைத்துவிட்டார்.

குப்பியைக் குலுக்கக் கூடாது,
உள்ளங்கையில் வைத்து உருட்ட வேண்டும்.
உருட்டிக்கொண்டே குனிந்து சொன்னேன்.
"யாரு?" என்றார்.
இந்த ராத்திரியில் எனக்கு
முழுசாகப் பதில் தெரிந்த ஒரே கேள்வி.
சொன்னேன்.
"அவனா" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மூடியது களைப்பா, விஷமா என்று பார்க்க
மறுபடியும் டார்ச் அடித்தேன்.