ஜன்னல் கணக்கு

கானாடுகாத்தானில்
பெரிய வீட்டுப் பக்கச் சுவரை ஒட்டி
வேப்பமரத்தடியில் என் பஞ்சர் கடை.
கடை என்றால் ஒரு தகரம், ஒரு பம்பு,
ஓரம் நசுங்கிய தண்ணீர்த் தொட்டி.
சுவரில் ஆணி அடிக்கக் கூடாதென்று
வாட்ச்மேன் வயிரவன் சொன்னதிலிருந்து
டயர்களைக் கிளையில் மாட்டிவிட்டேன்.

சனி ஞாயிறு கார்கள் வரும்.
கல்யாணம் ஆகப்போகிற ஜோடிகள்
ஆனதுபோலவே இறங்குவார்கள்.
பாவாடை மண்ணில் படாமல் தூக்க ஒருத்தி,
வெள்ளித்தாள் அட்டையில் வெயிலைத் திருப்ப ஒருவன்,
"சிரிக்காதீங்க, சிரிக்கிற மாதிரி இருங்க" என்று சொல்ல
தோளில் இரண்டு கேமராவோடு இன்னொருவன்.
ஒரு மணி நேரத்தில் எண்ணூறு படம் என்றான் ஒருநாள்.
காற்று அடித்துக்கொண்டிருந்தவன்
கையை நிறுத்திவிட்டேன்.
எண்ணூறா?

எனக்கும் பகவதிக்கும் பள்ளத்தூரில் கல்யாணம்.
மொத்தம் முப்பத்தாறு படம், ஒரே ரோல்.
காலைப் பலகாரப் பந்தியிலேயே
எங்க பக்கம் ஒண்ணு, எங்க பக்கம் ஒண்ணு என்று
மாமன் கூட்டம் இழுத்ததில்
தாலி கட்டும் நேரத்துக்கு ஃபிலிம் தீர்ந்தது.
சபையில் மரியாதை கெடக்கூடாதென்று
போட்டோக்காரர் வெறும் பிளாஷை அடித்தார்.
அந்த வெளிச்சம் ஞாபகம் இருக்கிறது.
படம் இல்லை.
சண்டை வந்தால் பகவதி கேட்பாள்:
"நீ கட்டுனதுக்கு என்ன சாட்சி?"

இப்போது என்னடாவென்றால்
எல்லா ஜோடிக்கும் பின்னால் நான் இருக்கிறேன்.
சென்னையில், கோலாலம்பூரில்,
யார் யார் கூடத்திலோ சட்டம் போட்டு
குந்தியிருப்பேன், கையில் டியூபோடு.
இதை யாரிடமும் சொன்னதில்லை.
சனிக்கிழமை மட்டும்
துவைத்த சட்டை போட ஆரம்பித்தேன்.
"யாரைப் பாக்க?" என்றாள் பகவதி.

தை மாசம் ஒரு கார் ஆணி ஏறி நின்றது.
பத்திரிகை கொடுக்க வந்த மாப்பிள்ளைப் பையன்.
முன்பு இங்கேதான் படம் எடுத்தாராம்,
என்னைத் தெரியவில்லை.
நான் டயருக்குத் திரி சொருகும் நேரத்தில்
போனை நீட்டினார்: "நல்லாருக்கா அண்ணே?"

பார்த்தேன்.
பெண் இருந்தது, அவர் இருந்தார்,
வேம்பு இருந்தது.
கிளையில் டயர் இல்லை. தகரம் இல்லை.
தொட்டி இல்லை, நானும் இல்லை.
"இங்கதானே நான் இருப்பேன்" என்றேன்.
"அதுவா, விரலால தேச்சா போதும்ணே,
வேண்டாததெல்லாம் போயிரும்" என்றவர்
நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கோபமெல்லாம் இல்லை.
ஆனால் இருபத்திரண்டு வருஷம்
அந்தச் சுவரில் முதுகு சாய்த்தவன் நான்.
அந்தப் பக்கத்துக்குப் பதினோரு ஜன்னல்.
நாலாவதில் ஒரு கம்பி கிடையாது.
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் வெறும் சுவர்,
அங்கேதான் என் தலை எண்ணெய்க் கறை.

படத்தில் எண்ணினேன்.
பன்னிரண்டு.
மறுபடி இந்தக் கோடியிலிருந்து எண்ணினேன்.
நான் இருந்த இடத்தில் ஒரு ஜன்னல்:
மேலே வளைவு, கலர்க் கண்ணாடி,
காரை உதிர்ந்ததுகூட
மற்ற ஜன்னலில் உதிர்ந்த மாதிரியே.

"ஒண்ணு கூட இருக்கு தம்பி."
"எவ்வளவுண்ணே?" என்றார், கூலியை.
நூற்றைம்பது.
அதே போனைத் தூக்கி
தகரத்தில் ஒட்டிய கட்டம் போட்ட அட்டைக்கு நேரே
ஆடாமல் பிடித்தார்.
என் பெட்டி தெருவுக்கே கேட்கச் சொன்னது,
பணம் வந்துவிட்டதென்று.

ராத்திரி பகவதியிடம் சொன்னேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்:
"அந்த ஜன்னல் தொறந்திருந்துச்சா,
சாத்தியிருந்துச்சா?"

அதை நான் பார்க்கவில்லை.