கூறைச் சரிகை

வாரத்தில் ஐந்து நாள் என் இடக்கை
இரும்புவலைக் கையுறைக்குள் இருக்கும்.
புரூக்ஸ் இறைச்சி ஆலை, தோள்பட்டை வெட்டும் வரிசை,
நிமிடத்துக்கு இத்தனை என்று கணக்கு.
ஆறாம் நாள் யதுசன் சொல்கிறான்:
"கையை நனையுங்கோ மாமா.
காய்ஞ்ச கை அதுக்குச் சுடும்."

அது என்றது ஒரு ட்ரவுட்.
போ ஆற்றில், கார்ஸ்லாண்ட் அணைக்குக் கீழே,
முழங்காலுக்கு மேலே மலையிலிருந்து வந்த குளிர்.
ஒரு முழம் வராது மீன்.
வயிறு வெண்ணெய் நிறம். பக்கத்தில் சிவப்புப் புள்ளிகள்,
ஒவ்வொன்றையும் சுற்றி யாரோ பொறுமையாய்
வெளிறிய வளையம் கீறியிருக்கிறார்கள்.

அதற்கு முன் நாங்கள் பிடித்தவை:
வில்லோ மரம், மூன்று தரம்.
என் தொப்பி.
அவனுடைய ஜாக்கெட்டின் முதுகு.
வீடியோவில் கயிறு நாடாபோல் விரிந்து போய் விழுகிறது.
எங்கள் கையில் அது இடியப்பம்.

நனைத்தேன். பிடித்தேன்.
உள்ளங்கைக்குள் ஒரு உயிர்
சூடில்லாமல் துடித்தது.
பதினான்கு வருஷமாய் என்னிடம் வந்ததெல்லாம்
ஏற்கெனவே அடங்கியவை.
விட்டேன் என்று சொல்ல முடியாது. அது போனது.
"கறிக்கு?" என்று கேட்ட என்னைப்
பதினொரு வயது ஒரு பார்வை பார்த்தது.

பின்னேரம் பைக்.
பைக் என்றால் எனக்கு மோட்டார் சைக்கிள்தான்,
நியூவெல் ஏரிக் கோரைக்குள்
அது அசையாமல் நின்றதைக் காணும்வரை:
நீண்ட பச்சைக் கட்டை,
முன்னால் வாத்துச் சொண்டு, சொண்டு நிறைய ஊசி.

யதுசன் பெட்டியைத் திறந்தான்.
விரல் நீளத்தில் ஒரு பொய்மீன், அவனே கட்டியது.
நாயின் வால்மயிர், சிவப்பு நூல்,
நடுவில் மினுங்கும் ஏதோ.
"இது என்னடா?"
"அம்மாவின்ர கலியாணச் சீலை."
நான் பேசவில்லை.
"கொஞ்சம்தான். உள்பக்கம்.
அவ அதை உடுக்கிறேல்லத்தானே."

அந்தக் கூறையை நான்தான் காவி வந்தேன்,
சென்னை, லண்டன், கல்கரி,
மடியிலேயே வைத்து,
பெட்டியில் போட்டால் தொலைந்துவிடும் என்று.
தொலைந்தது வேறு.

எறிந்தான். அன்றைக்கு முதல்முறையாக
நன்றாகவே எறிந்தான்.
இழுத்து, நிறுத்தி, இழுத்து.
சரிகை தண்ணீருக்குள் ஒருதரம் திரும்பி
மிச்ச வெயிலை வாங்கியது.
கட்டை வளைந்தது.
பிறகு ஏரி, கோபத்தில் சாத்திய கதவு.

கம்பி போட மறந்திருந்தோம்.
அவன் மறந்தானா நான் மறந்தேனா என்பது
கார் வரைக்கும் தீராத வழக்கு.
நைலோன் நுனி சுருண்டு திரும்பி வந்தது.
நல்ல வெட்டு. எனக்குத் தெரியும்
நல்ல வெட்டு எப்படி இருக்கும் என்று.

"அதுக்கு நோகுமா?"
இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
"நோகும். கொஞ்ச நாளைக்கு."
"பிறகு?"
"கொளுக்கிப் பல்லை நசுக்கித்தானே வைச்சனி. கழண்டிடும்."
"கழராட்டி?"
இரண்டு பெலிக்கன் தாழப் பறந்து போயின,
யாரையும் பார்க்காமல்.

வீட்டில் தங்கச்சி கேட்டாள்,
"என்ன பிடிச்சனீங்கள்?"
"ஒண்டை விட்டம். ஒண்டு கொண்டு போட்டுது."
என்னத்தை என்று அவள் கேட்கவில்லை.
குழாயடியில் கை கழுவும்போது
கோரைக்குள் இருட்டில் நிற்கும் அது
தாடையோரம் ஒரு இழை பொன்னுடன்
ஒருதரம் வந்து போனது.

அவள் மீன்தான் சமைத்திருந்தாள்.
சூப்பர்ஸ்டோர் திலாப்பியா, புளி தூக்கலாய்.
யதுசன் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டான்.