பதினொரு நிமிஷம்

பாகாவிலிருந்து மில்லுக்குப் போகும் வழியில்
மூன்றாவது பாலத்துக்கு முன்
ஹைலக்ஸ் நின்றுவிட்டது.
இருமல் இல்லை, புகை இல்லை.
பேசிக்கொண்டிருந்தவன் பாதி வாக்கியத்தில்
எழுந்து போனதுபோல.
பின்னால் ஒரு டன்னுக்கு மேல் செம்பனைப் பழம்,
விடியலில் வெட்டியது.
இன்றைக்குள் மில் ஏறாவிட்டால்
புளிப்பு ஏறும், விலை இறங்கும்.

மங்கையர்க்கரசியின் பட்டறைவரை
ஒரு டிராக்டர் கட்டி இழுத்தது.
பலகையில் கணவன் பெயர்.
கணவன் சிங்கப்பூரில்.
நகக்கண்ணில் கரி அவளுக்கு.

கிளவ் பாக்ஸைக் கழற்றினாள்.
அதன் பின்னால், சோற்று டப்பா அளவில்
வெள்ளி நிறப் பெட்டி.
பதினான்கு வருஷம் ரோட் டேக்ஸ் ரசீதுகளை
இதன் முகத்தில்தான் திணித்திருக்கிறேன்.
மூடியைத் திறந்தால்
எறும்பு. முட்டை முட்டையாக, குடித்தனமாக.

பலகையை மூக்கருகே பிடித்தாள்.
"கருவாட்டு வாடை வருது பாருங்கண்ணே.
கெப்பாசிட்டர் ஒழுகிருச்சு.
ஈசியு இனி தேறாது."
புதுசு நாலாயிரத்து இருநூறு வெள்ளி,
ரெண்டு வாரம்.
பழம் ரெண்டு வாரம் காத்திருக்காது.

நீலாயில், வண்டிகளை வெட்டிப் போடும் ஆ புன் கடையில்
அதே எண் போட்ட பெட்டி, அறுநூற்றைம்பது.
கடைசி மூன்று எழுத்தை
போனில் ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னாள்.
குவாந்தான் வண்டி, முன்பக்கம் நசுங்கியது என்றான் ஆ புன்.
ஓட்டியவனைப் பற்றி
அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பொழுது சாய மாட்டினாள்.
சாவியைத் திருப்பினேன்.
ஒரு நொடி பிடித்தது,
அணைந்தது.
சிவப்பில் ஒரு சாவிப் படம்
சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"உங்க சாவிய அதுக்குத் தெரியலண்ணே.
வண்டி இங்க நிக்குது,
பெட்டி இன்னும் குவாந்தான்ல இருக்கு."

சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.
இதே பாகாவ்த் தோட்டத்தில்
நாலாம் லயத்தில் பிறந்தவன்.
எழுத வேண்டிய கிராணி எழுதவில்லை.
ஐம்பத்திரண்டு வயதில் என் அடையாள அட்டையும் சிவப்பு.
சிரம்பானில் ஆறாம் கவுண்டர்:
அம்மாவின் கல்யாணப் பத்திரம் எங்கே,
மருத்துவச்சி உயிரோடு இருக்கிறாளா,
அடுத்த வருஷம் வா.
பைல் நம்பர் மட்டும் தூக்கத்திலும் சொல்வேன்.

"சேசிஸ் நம்பர் வாசிங்க" என்றாள்.
வலது முன்சக்கரத்தடியில் மல்லாந்து படுத்து
சேற்றைக் கட்டைவிரலால் துடைத்தேன்.
டார்ச்சில் பாதி, விரலில் பாதி தெரிந்தது.
பதினேழு எழுத்து.
ஒவ்வொன்றாகக் கத்தினேன்,
ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

"பதினொரு நிமிஷம்.
கதவத் தெறக்காதீங்க, பேட்டரி இறங்கக் கூடாது."

உள்ளே உட்கார்ந்திருந்தேன்.
லேப்டாப்பில் ஒரு நீலக் கோடு
அட்டைபோல் ஊர்ந்தது.
காதில் கொசு. முதுகுக்குப் பின்னால்
பழம் இனித்து நாற ஆரம்பித்திருந்தது.
எழுபதில் நின்றது. நகராதோ என்று
ஏனோ கால் நடுங்கியது.
நகர்ந்தது.

சிவப்பு அணைந்தது.
எஞ்சின் எழுந்தது, எதுவும் நடக்காததுபோல.

"இப்ப இது உங்க வண்டின்னு ஒத்துக்கிச்சு."
"அந்தப் பழைய நம்பர்?"
"அழிஞ்சிருச்சுண்ணே. இனி கேக்காது."
யாரிடம் கற்றாய் என்று கேட்டேன்.
யூடியூப் என்றாள்.

மில் வாசலில் பத்தே முக்கால்.
நேப்பாளிக் காவலாளி அட்டையை வாங்கினான்.
நிறத்தைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான்,
மறுபடி நிறத்தை.
எஞ்சினை அணைக்காமல் நின்றேன்.
ஆயிரத்து நூற்றெண்பது கிலோ.
கிலோவுக்கு நாலு காசு குறைத்தார்கள்.

பழைய பெட்டி சீட்டுக்கடியில் இருக்கிறது,
எறும்போடு.
தூக்கிப் போடச் சொன்னாள்.
போடணும்.