நாற்பத்து நான்கு ரிவெட்டுகள்

புவேர்ட்டோ மோன்ட்டில் ஏழு மணியிலிருந்து மூடுபனி.
காற்றுத்திசை காட்டும் துணிக்குழாய்
நனைந்த காலுறைபோல் தொங்குகிறது.
ஹேங்கரில் விறகடுப்பைச் சுற்றி நாங்கள் நால்வர்,
கைமாறிக்கொண்டிருக்கும் ஒரே மாத்தே குவளை.
வெளிப் பெஞ்சில் அயாகாரா போகிறவர்கள்:
இரண்டு கோழிகளோடு ஒருத்தி,
பல்செட்டுப் பெட்டியோடு ஒருவர்,
மாமா வீட்டுக்குத் தனியாக அனுப்பப்பட்ட ஒரு பையன்.

பறக்க முடியாத நாளில்தான்
பறந்த கதை பேசுவோம்.

பாரியா தொடங்கினார், வழக்கம்போல.
ஒன்பது வயது. ஆட்டை எடைபோட்ட தராசிலேயே
அவரையும் ஏற்றினார்களாம். இருபத்தெட்டுக் கிலோ.
விமானி அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதி
உப்பு மூட்டைக்குக் கீழே வைத்துக் கூட்டினாராம்.
"மேகமா, கடலா, ஒன்றும் நினைவில்லை.
அந்தக் கையில் நானும் ஓர் எண். அது போதுமாயிருந்தது."
போன மாதம் சொன்னபோது முப்பத்தொரு கிலோ.
யாரும் திருத்தவில்லை.

ஓயார்சோவுக்கு வாந்தி.
பிடித்தது அப்பாவின் தொப்பியில்.
வெறுந்தலையோடு இறங்காதே, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்
என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.
அவன் வெறுந்தலையோடு இறங்கவில்லை.

சிரித்ததில் தெயோதோராவுக்குப் புரையேறியது.
தண்ணீர் குடித்துவிட்டு அவள் சொன்னாள்:
பயிற்சியாளர் இறங்கி, கதவைச் சாத்தி,
வெளியிலிருந்து ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.
தொண்ணூறு கிலோ மனிதர்.
அவர் இல்லாத விமானம்
அவள் கேட்கும் முன்பே தரையை விட்டது.
முந்நூறு அடியில் பக்கத்து இருக்கைக்குத் திரும்பி
"இப்போது திருப்பலாமா?" என்றிருக்கிறாள்.
பூட்டி வைத்த பெல்ட்டின் நுனி லேசாக ஆடியது.
"இன்றைக்கும் சில நேரம் கேட்கிறேன்" என்றவள்
அடுப்பில் விறகைத் திணித்தாள், தேவைக்கு மேலாகவே.

என் முறை.
நான் வானத்தைப் பார்க்கவில்லை.
ஆறு வயது, குடல்வால் வீக்கம், விடியாத நேரம்,
தபால் பைகளுக்கு நடுவே தரையில் கிடத்தியிருந்தார்கள்.
பார்க்கக் கிடைத்தது கூரைத் தகடு.
அதில் ரிவெட்டுகள். எண்ணினேன். நாற்பத்து நான்கு.
எண்ணி முடித்தால் வலி நிற்கும் என்று எவரும் சொல்லவில்லை,
நானாகப் போட்டுக்கொண்ட ஒப்பந்தம்.
நிற்கவில்லை. மறுபடி எண்ணினேன்.
வெகுகாலம் வானம் என்றால் எனக்கு
சாம்பல் தகடு, வரிசை பிசகாத புள்ளிகள்.

அந்த விமானம் இப்போது அச்சாவோ பக்கம்
ஒரு தோட்டத்தில் கோழிக்கூடு. இறக்கைகளை யாரோ கொண்டுபோய்விட்டார்கள்.
சென்ற கோடையில் குனிந்து நுழைந்தேன்.
எச்சத்தில் மண்டியிட்டு, டார்ச் அடித்து எண்ணினேன்.
நாற்பத்தொன்று.
மீதி மூன்று காய்ச்சலின் கணக்கா, கோழிகளின் கணக்கா, தெரியவில்லை.
வீட்டுக்காரி ஆறு முட்டை கொடுத்தாள். காசு வாங்கவில்லை.

பதினொன்றரைக்குத் தீவுகளின் விளிம்பு தெரிந்தது.
குவளையைக் கவிழ்த்துவிட்டு எழுந்தோம்.

பையனை முன்னால் என்னருகே வைத்துக் கட்டினேன்.
முதல் தடவையா என்றேன்.
தலையாட்டினான், ஆமாவா இல்லையா புரியவில்லை.
ஓட்டம், குலுக்கல், பிறகு அந்த அமைதி,
சத்தம் குறையாமலே வருகிற அமைதி.
கீழே வளைகுடாவில் சால்மன் கூண்டுகள் வட்ட வட்டமாக.
பின்னாலிருந்து கோழி ஒன்று ஏதோ கேட்டது.
ஓர்னோபிரேன் எரிமலை
பனித்தலையோடு வெயிலில் நின்றது.
அங்கே பார் என்று விரல் நீட்டினேன்.

அவன் பார்க்கவில்லை.
என் சுவெட்டர் முழங்கையில் பிரிந்து தொங்கும்
பச்சை நூலையே பார்த்துக்கொண்டிருந்தான்,
காற்றுத்துளையின் காற்றில் அது நடுங்குவதை.

விரலை மடக்கிக்கொண்டேன்.
அயாகாரா வரை
முடிந்த மட்டும் அந்தக் கையை
அசைக்காமல் ஓட்டினேன்.