ஒரு சீப்பு, மதிப்பு ஆறணா

எஸ்தாக்கி மெல்போர்னிலிருந்து கேட்டான்:
நம்ம வம்சத்தை ஒரு தாளில் வரைந்து அனுப்பு,
மேலே துபாஷியை வை,
புது வீட்டு ஹாலில் மாட்டணும்.

துபாஷி எங்கள் குடும்பத்துக்கு
சாவி தொலைந்த பீரோ மாதிரி.
திறந்து பார்த்தவர் யாருமில்லை.
பல்லக்கில் போனாராம்,
துரைக்கே கடன் கொடுத்தாராம்,
தம்புச் செட்டித் தெரு வீட்டுக்கு எட்டு வாசலாம்.
கல்மண்டபத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் உட்கார்ந்து
இதைச் சொல்லித்தான்
ஒவ்வொரு தலைமுறையும் பெண் கேட்டோம்.

நான் துறைமுகத்தில் கணக்கன். முப்பத்தொரு வருஷம்.
எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் வந்தது என்று
தேடுவதே பிழைப்பு.
ஒரு ஆளைத் தேடுவதா கஷ்டம் என்று இறங்கினேன்.

ராயபுரம் கோயில் அலுவலகத்தில்
சனிக்கிழமை மட்டும் பழைய புத்தகம் தருவார்கள்.
தாள் பறக்குமென்று
உபதேசியார் மின்விசிறியை அணைத்துவிடுவார்.
வியர்வை சொட்டாமல் படிக்கப் பழகினேன்.
அப்பா, அவர் அப்பா ராயப்பன், அவர் அப்பா இஞ்ஞாசி,
அதுவரை படி இறங்குவது போல.
அதற்குக் கீழே தண்ணீர்.

தொம்மை. தோமா. டொமி.
எழுதியவன் காதைப் பொறுத்து ஒரே ஆள்,
அல்லது மூன்று பேர்.
‘தொம்மை மனைவி, வாந்திபேதி’ என்று ஓர் அடக்கம்.
நோய்க்குப் பெயர் இருக்கிறது.

துபாஷி எங்கேயும் இல்லை.

எழும்பூர் காப்பகத்தில், போலீஸ் கோர்ட்டுக் கட்டில் கிடைத்தான்:
தொம்மை, மசூலாப் படகுக்காரன், ராயபுரம்.
கப்பலிலிருந்து கரைக்கு இறக்கும்போது
ஒரு துரைசானியின் பெட்டியை நெம்பி
ஆமையோட்டுச் சீப்பு ஒன்று திருடியது.
மதிப்பு ஆறணா.
பதினைந்து கசையடி, ஒரு மாதம்.
பொருள் உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

கையெழுத்து போட வேண்டிய இடத்தில்
ஒரு துடுப்பு வரைந்திருந்தான்.
பிசிறில்லாத கோடு.

அவனுக்கு ஒரு தம்பி இருந்திருக்கலாம்,
அடுத்தவர் பொருளைத் தொடாதவன்.
எந்தத் தாளிலும் அவன் இல்லை.

பஸ்ஸில் திரும்பும்போது வெட்கமாக இருந்தது.
பாரிமுனை நெரிசலில் வண்டி நின்றதும்
நகலை மறுபடி பிரித்தேன். அங்க அடையாளம்:
உயரம் ஐந்தடி நாலங்குலம்.
இடப் புருவத்தில் வெட்டு.
தலை முழு வழுக்கை.

முழு வழுக்கை.

பக்கத்து சீட்காரர் திரும்பிப் பார்த்தார்,
வாய்விட்டுச் சொல்லியிருப்பேன்.

பிறகு கணக்கன் புத்தி வேலை செய்தது.
சீப்பு காணாமல் போனது திங்கள்.
பிடித்தது வியாழன்.
நடுவில் மூன்று ராத்திரி.
மண்ணெண்ணெய்கூட வராத காலம்,
இருட்டில்தான் வாரியிருப்பாள்.
திரும்பிப் போன சீப்பில் நீளமாய் ஒரு கறுப்பு முடி,
துரைசானி விரலால் இழுத்து
என்னவோ முணுமுணுத்து எறிந்திருப்பாள்.

எஸ்தாக்கியிடம் போனில் சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
‘திருட்டை விடு.
கப்பலுக்கும் கரைக்கும் நடுவுல போய் வந்தவன்தானே,
அதுவும் ஒரு மாதிரி துபாஷிதான்’ என்றான்.
இந்த வாய் எங்கள் குடும்பச் சொத்து.
அப்படியே எழுதி அனுப்பினேன்.
தேக்குச் சட்டம் போட்டிருக்கிறானாம்.

என்னிடம் இருப்பது காலண்டர் தாளின் முதுகு.
தொம்மையின் கட்டத்தில் அவன் துடுப்பைப் பார்த்துப் போட்டேன்.
பக்கத்துக் கட்டத்தில், பெயருக்குப் பதில், சீப்பு.
எனக்கு வரைய வராது.
பல்லெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

தலைக்குக் குளித்துவிட்டு
ஈர முடியைத் துண்டால் தட்டிக்கொண்டே
மதலேன் அக்கா எட்டிப் பார்த்தாள்.
‘இன்னாடா இது, வஞ்சிரம் முள்ளா?’

இன்னும் இரண்டு பல் சேர்த்தேன்.