தான்பயிர், செய்பயிர்

காலமை ஆறு மணிக்கு
என் விரல்கள் எனக்குச் சொந்தமில்லை.
இரவோடு இரவாக யாரோ ஈடு வைத்துவிடுகிறார்கள்.
சுடுதண்ணிக் கோப்பையைப் பொத்திப் பிடித்து
ஏழரைக்கு மீட்கிறேன்,
வட்டியோடு.

சுன்னாகத்தில் நொத்தாரிசு அருளையாவின் கந்தோர்.
இருபத்திரண்டு வருஷமாக உறுதி அடிக்கிறேன்.
பாமினியில் 'ழ'வுக்கு வலது மோதிரவிரல்.
மோதிரம் கழற்றி இரண்டு வருஷமாகிறது.
'கிழக்கு ஒழுங்கை' என்று வரும்போது
அந்த விரல்
ஒழுங்கை முகப்பில் நின்று
கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் உள்ளே போகிறது.

'இதற்குள் அடங்கிய நிலம், வீடு, பங்குக் கிணறு,
தான்பயிர், செய்பயிர்.'
எத்தனை ஆயிரம் தரம் அடித்திருப்பேன்.
நட்டது செய்பயிர்.
கேட்காமல் வந்தது தான்பயிர்.
நோவும் அந்த இரண்டாவது இனம்தான்.

உடுவிலில் என் மேற்கு எல்லை
விசுவலிங்கம் ஓவசியர்.
ஒன்றரை அடிக்காக
மல்லாகம் கோட்டில் ஒன்பது வருஷம்.
கதை பேச்சில்லை.
இடையில் கிளுவை வேலி,
அதில் யாரும் நடாத முடக்கொத்தான்.
காற்றடைத்த பச்சைக் காய்கள்
இரண்டு பக்கமும் தொங்கும்,
வழக்கைப் பற்றி ஒன்றும் தெரியாமல்.

முடக்கை அறுக்குமாம், புத்தகத்தில் பேர் அப்படி.
எங்கட வாயில் அது முடக்கொத்தான்.
எனக்கு இதுதான் சரியாகப்படுகிறது.
அறுக்கவில்லை.
ரசம் வைத்துக் குடித்த நாளில்
முடக்கு என்னோடு கொஞ்சம் ஒத்துப்போகிறது,
அவ்வளவுதான்.

பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில்
'வேற என்ன எடுக்கிறீங்கள்?'
மூன்று மாதம் 'ஒண்டுமில்லை.'
நாலாம் மாதம் இரத்தம் சொல்லிக் கொடுத்துவிட்டது.
ஈரல் கணக்கு ஏறியிருந்தது.
அந்தப் பெண் டொக்டர் கத்தவில்லை.
பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தா.
அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

முடக்கொத்தான் ரசம், சொன்னேன்.
நொச்சி இலை ஒத்தடம்.
கைதடியில் தந்த எண்ணெய், பூச.
பிறகு குரலைத் தாழ்த்தி,
சந்தைக்கு வந்தவனிடம் வாங்கின
லேபல் இல்லாத கறுப்புப் போத்தல்,
நாளுக்கு இரண்டு மூடி.
எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினா.
முதல் மூன்றும் இருக்கட்டும், எனக்குத் தெரிஞ்சு இருக்கட்டும்.
நாலாவதன் மேல் இரண்டு கோடு.
'போத்தலைக் கொண்டு வாங்கோ.
சனிக்கிழமைக் குளிசையை மட்டும் விட்டிடாதேங்கோ, நவமலர்.'

இருபத்திரண்டு வருஷம் சாட்சிகளின் கையெழுத்துப் பார்த்தவள்
அன்றைக்குத்தான் முதன்முதலாக
உண்மை உரைத்துக் கையொப்பம் வைத்தேன்.
கோணலாக.

ஆவணியில் ஓவசியர் வீட்டுக்குக் கல் வந்து பறிந்தது.
மதில்.
மேசன் கிளுவையை வெட்டிக்கொண்டே வர
நான் கிணற்றடியில் நின்று
வாளி கழுவுவதுபோல் கழுவிக்கொண்டிருந்தேன்.
ஓவசியர் முழங்காலைப் பிடித்தபடி நொண்டி வந்தார்.
'உதில ரெண்டு முழம் விடு.'
'ஏன் ஐயா?'
'காத்து வரட்டும்.'
அவர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.
வாளியும் கழுவி முடியவில்லை.

இப்போது அந்த இரண்டு முழத்தில்
கொடியைப் பார்த்தாலே தெரிகிறது.
அவர் பக்கம் அடியில் இலை அப்படியே நிற்கும்,
குனிய ஏலாது.
என் பக்கம் நெஞ்சளவில்
மெல்லிய காம்புக் கொழுந்துகள் மிச்சம்,
நுள்ள விரல் வராது.
எனக்கு எட்டுவதை நானும்
அவருக்கு எட்டுவதை அவரும்
வேறு வேறு நேரத்தில்.

இண்டைக்குச் சனிக்கிழமை.
ஆறு மஞ்சள் குளிசை, சோற்றுக்குப் பிறகு.
தோசை மாவில் ஒரு பிடி இலை அரைத்து வைத்திருக்கிறேன்.
அந்த இரண்டு முழத்துக்கு
எந்த உறுதியில் என்ன எழுதுவது என்று
அருளையாவிடம் இன்னும் கேட்கவில்லை.